ஏப்ரல் 24: நூறு ஆண்டுகள் கடந்தும் ஆர்மீனியர்கள் மறக்காத நாள்! கொள்ளுப்பேரன்கள் ஏன் இன்னும் பூ வைக்கிறார்கள்?

ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 24ஆம் தேதி, ஆர்மீனியாவின் தலைநகரான யெரவானில் காலையில் இருந்தே ஒரு மலையை நோக்கி மக்கள் நடக்கத் தொடங்குவார்கள். கையில் ஒரு பூ. கார்னேஷன், துலிப், வீட்டுத் தோட்டத்தில் பறித்தது என எதுவாகவும் இருக்கலாம். மேலே எரிந்துகொண்டிருக்கும் அணையா விளக்கைச் சுற்றி அந்தப் பூவை வைத்துவிட்டு இறங்குவார்கள். மாலைக்குள் அந்த இடத்தில் ஓர் ஆள் உயரத்துக்குப் பூக்கள் குவிந்துவிடும்.

அவர்கள் நினைவுகூர்வது 1915ல் கொல்லப்பட்டவர்களை. அன்று நடந்ததை நேரில் பார்த்த தலைமுறை மறைந்துவிட்டது. இன்று வரிசையில் நிற்பவர்களில் பலர் பேரன் பேத்திகளும் கொள்ளுப்பேரன் கொள்ளுப்பேத்திகளும்தான். இறந்தவர்களின் முகத்தைக்கூட பார்த்திராதவர்கள்.

"நடந்தது நடந்து போச்சு, இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் எதுக்கு?" என்ற கேள்வி இயல்பாகவே எழும். அதற்கான பதில் அந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

1915ல் என்ன நடந்தது?

இன்றைய துருக்கியின் கிழக்குப் பகுதி, ஆர்மீனியர்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த நிலம். அப்போது அது ஒட்டோமான் பேரரசின் கீழ் இருந்தது. ஆட்சி இஸ்லாமிய ஆட்சி, ஆர்மீனியர்கள் கிறிஸ்தவர்கள். விவசாயிகள், கைவினைஞர்கள், வணிகர்கள் என்று எல்லாத் தொழில்களிலும் இருந்தார்கள்.

வன்முறை 1915ல் திடீரென்று தொடங்கிவிடவில்லை. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது காலத்தில், 1894 முதல் 1896 வரை பெரிய அளவில் படுகொலைகள் நடந்தன. 1909ல் அதானா நகரிலும் அதைச் சுற்றியும் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர்.

1914ல் முதல் உலகப்போர் வந்தது. ஒட்டோமான் அரசு ஜெர்மனியின் பக்கம் சேர்ந்தது. அந்தக் குளிர்காலத்தில் சாரிகாமிஷ் என்ற இடத்தில் ரஷ்யாவிடம் படுதோல்வி அடைந்தது. பழி ஆர்மீனியர்கள் மீது விழுந்தது. 'இவர்கள் ரஷ்யாவின் ஆட்கள்' என்று ஒரு சமூகமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது.

அப்போது அதிகாரம் 'ஒற்றுமை மற்றும் முன்னேற்றக் குழு' என்ற கட்சியிடம் இருந்தது. உள்துறை அமைச்சர் தலாத் பாஷா, போர்த்துறை அமைச்சர் என்வர் பாஷா, கடற்படை அமைச்சர் ஜெமால் பாஷா ஆகிய மூவர்தான் நாட்டை நடத்தினார்கள்.

ஏன் ஏப்ரல் 24?

1915 ஏப்ரல் 24 இரவு, தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஆர்மீனிய எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், மருத்துவர்கள், பாதிரியார்கள், பத்திரிகையாளர்கள், அரசியல் தலைவர்கள் என 200க்கும் மேற்பட்டோர் வீடு வீடாகக் கைது செய்யப்பட்டனர். பின்னர் நாட்டின் உட்பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலானோர் திரும்பி வரவில்லை.

ஒரு சமூகத்துக்காகப் பேசக்கூடியவர்களை, எழுதக்கூடியவர்களை முதலில் அகற்றிவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். அதனால்தான் அந்த இரவை ஆர்மீனியர்கள் தொடக்கப் புள்ளியாக வைத்திருக்கிறார்கள்.

அன்று கைதானவர்களில் ஒருவர் கோமிதாஸ். பாதிரியார், இசையமைப்பாளர். கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தவர். அவர் விடுதலை செய்யப்பட்டு உயிரோடு திரும்பினார். ஆனால் மனம் திரும்பவில்லை. கடைசி ஆண்டுகளை மனநல மருத்துவமனைகளில் கழித்து, 1935ல் பாரிஸில் இறந்தார். இன்று அவர் தொகுத்து வைத்த பாடல்கள் இருக்கின்றன. அவற்றைப் பாடிய பல கிராமங்களில் பாட ஆளில்லை.

நாடு கடத்தல் எப்படி நடந்தது?

1915 மே மாத இறுதியில் நாடு கடத்தலுக்கான தற்காலிகச் சட்டம் கொண்டுவரப்பட்டது. காகிதத்தில் அது 'இடமாற்றம்'. நடைமுறையில் நடந்தது வேறு.

படையில் இருந்த ஆர்மீனிய இளைஞர்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. அவர்கள் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டு, பலர் அங்கேயே கொல்லப்பட்டனர். ஊர்களில் மிச்சம் இருந்த ஆண்கள் தனியாகப் பிரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். வழியில் தாக்குதல், பசி, தாகம், நோய். நடந்து முடித்தவர்களுக்கும் காத்திருந்தது டெய்ர் எஸோர் பாலைவன முகாம்கள்தான். அங்கே 1916ல் மறுபடியும் படுகொலைகள் நடந்தன.

எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் மதிப்பீடுகள் மாறுபடுகின்றன. 6 லட்சத்தில் இருந்து 15 லட்சம் வரை சொல்லப்படுகிறது. ஆர்மீனியத் தரப்பு குறிப்பிடுவது 15 லட்சம். இதே காலகட்டத்தில் அசிரியர்களும் கிரேக்கர்களும் பெருமளவில் கொல்லப்பட்டார்கள்.

பல ஆயிரம் குழந்தைகள் குடும்பத்திடம் இருந்து பிரிக்கப்பட்டு, மதம் மாற்றப்பட்டு, வேறு பெயரில் வளர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய கதை அடுத்தடுத்த தலைமுறைகளில்தான் வெளியே வந்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

'இனப்படுகொலை' என்ற சொல்லுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1915ல் அப்படி ஒரு சட்டச் சொல்லே இல்லை. அந்த ஆண்டு மே 24ஆம் தேதி பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் 'மனிதகுலத்துக்கும் நாகரிகத்துக்கும் எதிரான குற்றங்கள்' என்று குறிப்பிட்டன.

போர் முடிந்ததும், 1919ல் ஒட்டோமான் ராணுவ நீதிமன்றமே தலாத், என்வர், ஜெமால் மூவருக்கும் மரண தண்டனை விதித்தது. ஆனால் மூவரும் அதற்கு முன்பே நாட்டை விட்டுத் தப்பிவிட்டார்கள். தண்டனை தீர்ப்போடு நின்றது.

1921 மார்ச் 15ஆம் தேதி பெர்லின் தெருவில் தலாத் பாஷாவை சோகோமோன் தெஹ்லிரியன் என்ற ஆர்மீனிய இளைஞர் சுட்டுக்கொன்றார். ஜெர்மானிய நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

அந்த வழக்கைப் பற்றிப் படித்தவர்களில் ஒருவர் ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூத இளைஞர். அவருக்குள் ஒரு கேள்வி எழுந்தது. ஒருவரைக் கொன்றவனை விசாரிக்கச் சட்டம் இருக்கிறது, லட்சக்கணக்கானவர்களைக் கொல்ல உத்தரவிட்டவனை விசாரிக்க ஏன் சட்டம் இல்லை?

லெம்கின் பிறகு வழக்கறிஞர் ஆனார். நாஜிக்களின் கையில் தன் குடும்பத்தினரையே இழந்தார். 1944ல் வெளியான தன் புத்தகத்தில் இனப்படுகொலையைக் குறிக்கும் 'ஜெனோசைட்' என்ற புதிய சொல்லை அறிமுகப்படுத்தினார். அவருடைய விடாமுயற்சியால் 1948 டிசம்பர் 9ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபை இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது.

அந்தச் சொல் உருவாக ஆர்மீனியர்களின் கதையும் ஒரு காரணம். ஆனால் அந்தச் சொல்லை அவர்களுக்கே பொருத்தலாமா என்பதில்தான் இன்னும் தகராறு.

துருக்கி என்ன சொல்கிறது?

ஆர்மீனியர்கள் இறந்தார்கள் என்பதை துருக்கி மறுப்பதில்லை. அது இனப்படுகொலை என்பதைத்தான் மறுக்கிறது. அதன் வாதம் சுருக்கமாக இதுதான்: அது போர்க்காலம், இரு தரப்பிலும் உயிரிழப்பு இருந்தது, ஆர்மீனியர்களில் ஒரு பகுதியினர் ரஷ்யாவுடன் சேர்ந்து ஆயுதம் ஏந்தியதால் பாதுகாப்புக்காக இடமாற்றம் செய்யப்பட்டார்கள், ஓர் இனத்தை அழிக்கும் திட்டம் இருக்கவில்லை. வரலாற்று ஆய்வாளர்கள் அடங்கிய கூட்டுக் குழு அமைக்கலாம் என்று 2005ல் துருக்கி யோசனையும் சொன்னது.

ஆனால் இனப்படுகொலை ஆய்வாளர்களில் மிகப் பெரும்பாலானோர் இந்த வாதத்தை ஏற்பதில்லை. தானெர் அக்சாம் போன்ற துருக்கிய வரலாற்று ஆய்வாளர்களே ஒட்டோமான் ஆவணங்களை வைத்து, இது திட்டமிட்ட அழிப்பு என்று எழுதியிருக்கிறார்கள்.

துருக்கிக்குள் இதைப் பேசுவது எளிதாக இருந்ததில்லை. நாவலாசிரியர் ஓர்ஹான் பாமுக் 2005ல் ஒரு பேட்டியில் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டதைக் குறிப்பிட்டதற்காக, 'துருக்கியத் தன்மையை அவமதித்தார்' என்ற பிரிவில் வழக்கைச் சந்தித்தார். அந்த வழக்கு பிறகு கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இஸ்தான்புல்லில் 'அகோஸ்' என்ற வார இதழை நடத்திவந்த ஆர்மீனியப் பத்திரிகையாளர் ஹிராந்த் டிங்க் அவ்வளவு அதிர்ஷ்டசாலியாக இல்லை. அதே சட்டப் பிரிவில் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2007 ஜனவரி 19ஆம் தேதி தன் அலுவலக வாசலிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் திரண்டார்கள். 'நாங்கள் எல்லோரும் ஹிராந்த் டிங்க், நாங்கள் எல்லோரும் ஆர்மீனியர்கள்' என்ற பதாகைகளை ஏந்தி வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் துருக்கியர்கள்.

நினைவு எப்படி தலைமுறை தாண்டியது?

முதல் நினைவு நிகழ்ச்சி 1919லேயே நடந்துவிட்டது. அதுவும் இஸ்தான்புல்லிலேயே. உயிர்பிழைத்தவர்கள் அங்கே ஒரு நினைவுச் சின்னத்தையும் எழுப்பினார்கள். 1922க்குப் பிறகு அது காணாமல் போய்விட்டது.

அதன் பிறகு நீண்ட மௌனம். தப்பியவர்கள் லெபனான், சிரியா, பிரான்ஸ், அமெரிக்கா, அர்ஜென்டினா என்று சிதறினார்கள். அடுத்த வேளை சோற்றுக்கு வழி தேட வேண்டியிருந்தது. சோவியத் ஆர்மீனியாவில் இருந்தவர்களால் இதைப் பொதுவெளியில் பேச முடியாது. தேசியவாதம் என்று முத்திரை விழும்.

ஆனால் ஊர்ப் பெயர்களை விடவில்லை. யெரவானில் உருவான புதிய குடியிருப்புகளுக்கு அரப்கிர், மலாத்தியா, செபாஸ்தியா, செய்துன் என்று இழந்த ஊர்களின் பெயர்களையே வைத்தார்கள். இன்றும் அந்த நகரின் மாவட்டப் பெயர்களில் அவை இருக்கின்றன. பெய்ரூத்தின் பூர்ஜ் ஹம்மூத் பகுதியில் 'புதிய மராஷ்', 'புதிய அதானா' என்ற பெயர்கள் புழங்குகின்றன. துருக்கியிலோ ஆயிரக்கணக்கான ஊர்களின் பழைய பெயர்கள் மாற்றப்பட்டுவிட்டன. ஊர் போனாலும் பெயர் மட்டும் அகதியாக வேறு நாட்டில் பிழைத்திருக்கிறது.

இன்னொன்று, 'ஹூஷாமாத்யான்' எனப்படும் நினைவு நூல்கள். ஒரே ஊரில் இருந்து தப்பியவர்கள் ஒன்றுசேர்ந்து எழுதியவை. ஊரில் எந்தத் தெரு எங்கே இருந்தது, யார் வீடு எது, கல்யாணம் எப்படி நடக்கும், என்ன சமைப்பார்கள் என எல்லாம் அதில் இருக்கும். இப்போது அதே பெயரில் பெர்லினில் இருந்து இயங்கும் ஓர் இணையத் திட்டம், குடும்பங்களிடம் இருக்கும் புகைப்படங்களையும் கடிதங்களையும் வைத்து அந்த ஊர்களின் அன்றாட வாழ்க்கையை மீட்டெடுக்கப் பார்க்கிறது.

1965: மௌனம் உடைந்த நாள்

1965 ஏப்ரல் 24. ஐம்பதாவது ஆண்டு. யெரவான் தெருக்களில் சுமார் ஒரு லட்சம் பேர் திரண்டார்கள். சோவியத் யூனியனில் அனுமதியில்லாமல் இவ்வளவு பெரிய கூட்டம் கூடுவது யாரும் எதிர்பார்க்காத விஷயம். கூட்டத்தில் பெரும்பகுதி இளைஞர்கள். அதாவது 1915ஐ பார்க்காத தலைமுறை.

மாஸ்கோ அதிர்ந்தது. ஆனால் நினைவுச் சின்னம் கட்ட அனுமதி கிடைத்தது. 1967 நவம்பரில் சிட்செர்னகாபெர்ட் மலையில் அது திறக்கப்பட்டது. அந்தப் பெயருக்கு 'தகைவிலான் குருவிக் கோட்டை' என்று பொருள்.

அங்கே என்ன இருக்கிறது?

• 44 மீட்டர் உயரத் தூண். நெடுக ஒரு பிளவு அதை இரண்டாகப் பிரிக்கிறது. பிரிந்து கிடக்கும் கிழக்கு, மேற்கு ஆர்மீனிய மக்களை அது குறிக்கிறது.

• வட்டமாக, உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும் 12 பெரிய கற்பலகைகள். இழந்த 12 மாகாணங்களை அவை நினைவூட்டுவதாகச் சொல்வார்கள். நடுவே, படிகளில் இறங்கிப் பார்க்கும் ஆழத்தில் அணையா விளக்கு.

• 100 மீட்டர் நீளச் சுவர். படுகொலை நடந்த ஊர்களின் பெயர்கள் அதில் செதுக்கப்பட்டுள்ளன.

• அந்தச் சுவரின் பின்புறம், உதவிய வெளிநாட்டவர்களுக்கும் இடம் இருக்கிறது. அவர்களுடைய கல்லறைகளில் இருந்து கொண்டுவந்த மண் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. நடந்ததை வாஷிங்டனுக்குத் தந்திகளாக அனுப்பிய அமெரிக்கத் தூதர் ஹென்றி மோர்கெந்தாவ், தடையை மீறிப் புகைப்படம் எடுத்த ஜெர்மானியர் ஆர்மின் வெக்னர், மூசா தாக் மலையில் மக்கள் எதிர்த்து நின்ற கதையை நாவலாக எழுதிய ஃபிரான்ஸ் வெர்ஃபெல் போன்றோர் அதில் உண்டு.

வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து அராரத் மலை தெரியும். ஆர்மீனியர்களின் அடையாளமே அந்த மலைதான். ஆனால் அது இருப்பது எல்லைக்கு அந்தப் பக்கம், துருக்கியில்.

சாட்சிகளைத் தேடிப் போனவர்கள்

நினைவுச் சின்னம் கல்லில் இருக்கும். சாட்சியம் மனிதர்களிடம் இருக்கிறது. அவர்கள் போய்விட்டால்?

வெர்ஜினே ஸ்வாஸ்லியான் என்ற மாணவி 1955ல் தனி ஆளாக இந்த வேலையைத் தொடங்கினார். சோவியத் ஆட்சிக் காலம். உயிர்பிழைத்தவர்களின் வீடுகளைத் தேடிப் போய் அவர்கள் சொன்னதையும் பாடியதையும் எழுதிக்கொண்டார். பல பதிற்றாண்டுகள் நீண்ட அந்த உழைப்பு 700 சாட்சியங்கள் கொண்ட தொகுப்பாக வெளிவந்தது.

அமெரிக்காவில் திரைப்பட இயக்குநர் ஜே. மைக்கேல் ஹாகோபியான் கேமராவோடு கிளம்பினார். இவரே குழந்தையாக இருந்தபோது தப்பியவர். ஏறக்குறைய 400 பேரைப் படம்பிடித்தார். அந்தப் பதிவுகள் இப்போது, யூத இனப்படுகொலை சாட்சியங்களைப் பாதுகாக்கும் ஷோவா அறக்கட்டளையின் காப்பகத்தில் இருக்கின்றன. இனி யாரிடமும் கேட்டுப் பதிவு செய்ய முடியாது என்பதால், அன்று கேட்டு வைத்ததுதான் இன்று மிச்சம்.

பாட்டி சொல்லாமல் வைத்திருந்த பெயர்

துருக்கிய வழக்கறிஞர் ஃபெத்தியே செத்தினின் கதை, இந்த நினைவு வேறொரு வழியிலும் கடந்து வந்ததைக் காட்டுகிறது.

ஃபெத்தியேவின் பாட்டி பெயர் செஹெர். சாதாரண முஸ்லிம் குடும்பத்துப் பாட்டி. முதுமையில் ஒரு நாள் பேத்தியைக் கூப்பிட்டு, தன் உண்மையான பெயர் ஹெரானுஷ் என்றார். ஆர்மீனியப் பெண். 1915 நடைபயணத்தில், தாயிடம் இருந்து ஒரு காவல்படை அதிகாரியால் பிடுங்கப்பட்டு வளர்க்கப்பட்டவர். பெற்றோர் பிழைத்து அமெரிக்கா போய்விட்டார்கள். மகள் அவர்களோடு மறுபடி சேரவே இல்லை.

பாட்டி இறந்த பிறகு ஃபெத்தியே 'அகோஸ்' இதழில் இரங்கல் அறிவிப்பு கொடுத்தார். அதில் பாட்டியின் உண்மைப் பெயரையும் பெற்றோர் பெயரையும் போட்டார். அந்த அறிவிப்பு வழியாகத்தான் அமெரிக்காவில் இருந்த சொந்தங்கள் கிடைத்தார்கள். 2004ல் 'என் பாட்டி' என்ற புத்தகமாக இது வெளியானபோது துருக்கியில் பெரிய அளவில் வாசிக்கப்பட்டது. தங்கள் வீட்டுப் பாட்டியும் அப்படித்தான் என்று பலர் பேசத் தொடங்கினார்கள்.

இதே போல, சிரியப் பாலைவனத்தில் பழங்குடிக் குடும்பங்களில் சிக்கிய சிறுமிகளின் முகத்திலும் கையிலும் பச்சை குத்தப்பட்டிருந்தது. பிறகு மீட்கப்பட்டவர்கள் வாழ்நாள் முழுக்க அந்தக் கையை மறைத்தே வாழ்ந்தார்கள். இயக்குநர் சூசன் கர்தாலியான் 2011ல் எடுத்த ஆவணப்படத்தின் பெயரே 'பாட்டியின் பச்சை குத்தல்கள்'.

இந்தக் கதைகளில் ஒரு பொதுவான வரிசை தெரிகிறது. அனுபவித்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் கேட்கப் பயந்தார்கள். பேரப்பிள்ளைகள்தான் கேட்டார்கள்.

எந்தெந்த நாடுகள் அங்கீகரித்துள்ளன?

இதுவரை 30க்கும் மேற்பட்ட நாடுகள் இதை இனப்படுகொலை என்று அங்கீகரித்துள்ளன. முக்கியமான சில கட்டங்கள்:

• 1965 - உருகுவே (முதல் நாடு)
• 1987 - ஐரோப்பிய நாடாளுமன்றம்
• 1995 - ரஷ்யா
• 2001 - பிரான்ஸ்
• 2016 - ஜெர்மனி. போரில் ஒட்டோமான் அரசின் கூட்டாளியாக இருந்த தன் பங்கையும் அது ஒப்புக்கொண்டது
• 2019 - அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும்
• 2021 - அமெரிக்க அதிபராக இருந்த ஜோ பைடன், ஏப்ரல் 24 அறிக்கையில் 'இனப்படுகொலை' என்ற சொல்லையே பயன்படுத்தினார்

அதற்கு முன்பு பராக் ஒபாமா போன்றவர்கள் 'மெட்ஸ் யெகெர்ன்' என்ற ஆர்மீனியச் சொல்லைப் பயன்படுத்திவந்தார்கள். 'பெருங்கொடுமை' என்று பொருள் கொள்ளலாம். துருக்கி நேட்டோ உறுப்பு நாடு என்பதால், அந்த ஒரு சொல்லைத் தவிர்க்க இந்த வழி. இந்தியா இதுவரை அதிகாரபூர்வமாக அங்கீகரிக்கவில்லை.

அங்கீகாரம் கிடைத்தால் என்ன மாறும்?

இறந்தவர்கள் வரப்போவதில்லைதான். ஆனால் நடைமுறையில் சில விஷயங்கள் மாறியிருக்கின்றன.

ஒன்று, பணம். 1915க்கு முன்பு பல ஆர்மீனியர்கள் அமெரிக்க, பிரெஞ்சு நிறுவனங்களில் ஆயுள் காப்பீடு எடுத்திருந்தார்கள். குடும்பமே அழிந்துவிட்டதால் கேட்க ஆளில்லாமல் அந்தப் பாலிசிகள் கிடந்தன. வாரிசுகள் வழக்குத் தொடர்ந்து, 2004ல் நியூயார்க் லைஃப் நிறுவனம் 2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2005ல் பிரான்ஸின் ஆக்ஸா நிறுவனம் 1.7 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

இந்தப் பாலிசிகளுக்குப் பின்னால் இன்னொரு தகவலும் உண்டு. இறந்த ஆர்மீனியர்களின் காப்பீட்டுப் பட்டியலை வாங்கித் தரும்படியும், வாரிசு இல்லாததால் பணம் அரசுக்கே சேரும் என்றும் தலாத் பாஷா தன்னிடம் கேட்டதாக தூதர் மோர்கெந்தாவ் தன் நினைவுக் குறிப்பில் பதிவு செய்துள்ளார்.

இரண்டு, பொது நாள்காட்டி. ஆர்மீனியா முன்னெடுத்த தீர்மானத்தின் பேரில், 2015ல் ஐ.நா. பொதுச்சபை டிசம்பர் 9ஆம் தேதியை இனப்படுகொலையால் பாதிக்கப்பட்டவர்களுக்கான சர்வதேச நினைவு நாளாக அறிவித்தது. இது ஆர்மீனியர்களுக்கு மட்டுமான நாள் அல்ல. ருவாண்டா, கம்போடியா, ஸ்ரெப்ரெனிட்சா என்று எல்லோருக்கும் பொதுவானது.

மூன்று, வழிபாடு. 2015 ஏப்ரல் 23ஆம் தேதி, நூறாவது ஆண்டையொட்டி ஆர்மீனியத் திருச்சபை கொல்லப்பட்டவர்கள் அனைவரையும் புனிதர்களாக அறிவித்தது. அதுவரை 'அவர்களுடைய ஆன்மா சாந்தியடையட்டும்' என்று அவர்களுக்காக வேண்டினார்கள். இப்போது 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்' என்று அவர்களிடமே வேண்டுகிறார்கள். நூறு ஆண்டு அழுகையில் இது பெரிய திருப்பம். அந்த ஆண்டில் அறிமுகமான ஊதா நிற 'மறவாதே' பூச் சின்னத்தை இன்றும் ஏப்ரலில் பலர் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள்.

சென்னைக்கும் ஆர்மீனியர்களுக்கும் என்ன உறவு?

சென்னை பாரிமுனையில் இருக்கும் அரண்மனைக்காரன் தெரு தெரியுமா? அங்கே அரண்மனை எதுவும் இல்லை. 'ஆர்மீனியன்' என்பதுதான் மக்கள் வாயில் அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. 1772ல் கட்டப்பட்ட ஆர்மீனியத் தேவாலயம் இன்றும் அங்கே இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794ல் வெளியானது சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யுன் ஷ்மவோன்யானின் கல்லறை அந்தத் தேவாலய வளாகத்தில் இருக்கிறது.

ஆனால் இவர்கள் 1915 அகதிகள் அல்ல. பெரும்பாலும் பாரசீகத்தின் புதிய ஜூல்ஃபாவில் இருந்து அதற்கு முன்பே வணிகத்துக்காக வந்தவர்கள்.

நினைவுகூர்தலிலும் கருத்து வேறுபாடு உண்டா?

உண்டு. அதுவும் ஆர்மீனியர்களுக்குள்ளேயே.

ஆர்மீனியாவில் சுமார் 30 லட்சம் பேர் வாழ்கிறார்கள். வெளிநாடுகளில் அதைவிட இரு மடங்குக்கும் மேல். வெளிநாட்டு ஆர்மீனியர்களில் பலருக்கு 1915தான் குடும்ப வரலாற்றின் தொடக்கம். அவர்களுக்கு அங்கீகாரமும் நீதியும் விட்டுக்கொடுக்க முடியாத விஷயம்.

ஆர்மீனியாவில் வாழ்பவர்களுக்கோ துருக்கி பக்கத்து வீடு. 1993 முதல் எல்லை மூடிக்கிடக்கிறது. 2023 செப்டம்பரில் நாகோர்னோ-கராபாக் பகுதியை அஜர்பைஜான் கைப்பற்றியதால், அங்கிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் சில நாட்களுக்குள் வெளியேறினார்கள். மூட்டை முடிச்சோடு நீண்ட அந்த வாகன வரிசையைப் பார்த்த முதியவர்கள் பலர் தங்கள் தாத்தா பாட்டி சொன்னதைத்தான் நினைத்திருப்பார்கள்.

பிரதமர் நிகோல் பாஷின்யான், இழந்த தாயகத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டு இருக்கும் நாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற தொனியில் 2024 ஏப்ரல் 24 அறிக்கையில் பேசினார். அக்கம்பக்கத்தோடு அமைதி இல்லாமல் நாடு பிழைக்காது என்பது அவருடைய தரப்பு. 'இது நினைவையே அடகு வைப்பது' என்பது எதிர்த்தரப்பின் கோபம். இரண்டு பக்கமும் பயம் ஒன்றுதான், இன்னொரு 1915 வந்துவிடக்கூடாது என்பது.

அழிவு இன்னும் முடியவில்லையா?

மேற்கு ஆர்மீனிய மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டோமான் ஆர்மீனியர்கள் பேசிய மொழி அது. இன்றைய ஆர்மீனியக் குடியரசில் புழங்குவது கிழக்கு ஆர்மீனியம். மேற்கு ஆர்மீனியத்துக்குச் சொந்தமாக ஒரு நாடு இல்லை. யுனெஸ்கோ அதை அழியும் அபாயத்தில் உள்ள மொழிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. பெய்ரூத், பாரிஸ், லாஸ் ஏஞ்சல்ஸ் என்று சிதறிய வீடுகளில் தாத்தாவோடு அந்த மொழியும் போய்க்கொண்டிருக்கிறது.

நினைவிடங்களுக்கும் பாதுகாப்பு இல்லை. டெய்ர் எஸோரில், எலும்புகள் வைக்கப்பட்டிருந்த ஆர்மீனிய நினைவுத் தேவாலயத்தை 2014 செப்டம்பரில் ஐ.எஸ். அமைப்பு வெடிவைத்துத் தகர்த்தது. ஒரு முறை கொல்லப்பட்டவர்களின் எலும்புக்கும் நிம்மதி இல்லை.

மறுபக்கம், துருக்கியின் தியார்பகிர் நகரில் பாழடைந்து கிடந்த சூர்ப் கிராகோஸ் தேவாலயம் 2011ல் புதுப்பிக்கப்பட்டது. பின்னர் அங்கு நடந்த மோதலில் சேதமாகி, 2022ல் மீண்டும் திறக்கப்பட்டது. பாட்டி ஆர்மீனியர் என்று பின்னாளில் தெரிந்துகொண்டவர்களும் அங்கே வந்தார்கள்.

2023 பிப்ரவரியில் துருக்கியை நிலநடுக்கம் உலுக்கியபோது, ஆர்மீனியா மீட்புக் குழுவை அனுப்பியது. நிவாரண லாரிகள் செல்வதற்காக, 30 ஆண்டுகளாக மூடிக்கிடந்த எல்லையில் உள்ள மார்காரா பாலம் திறக்கப்பட்டது. ஆர்மீனியக் குழு இடிபாடுகளுக்குள் ஆட்களைத் தேடிய அத்யமான் நகரில் இருந்தும், 1915ல் ஆர்மீனியர்கள் துரத்தப்பட்டிருந்தார்கள். லாரிகள் போய் வந்தன. பாலம் மறுபடியும் மூடப்பட்டது.

அந்த ஆண்டும் ஏப்ரல் 24 வந்தது. சிட்செர்னகாபெர்ட் மலையில் வழக்கம்போல வரிசை நின்றது.